செம்பனை ஆலைச் சங்கின் சுருதி

அம்மா,

உங்களுக்கும் அப்பாவுக்கும் வணக்கம். மழைக்கு உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் இங்கே பிரிஸ்டலில் சுகம். பனிமூட்டத்தில் ஊரே அரைத்தூக்கத்தில் மிதக்கிறது.

ரொட்டிக் கம்பெனி வேலை போக, சனிக்கிழமை மதியம் ஒரு மண்டபத்தில் டீஜேயாகப் பாட்டு ஓட்டுகிறேன். டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான ஆட்டப் பாட்டுகளுக்குத் தாளம் சேர்ந்தால் மட்டும் போதாதம்மா. ஒன்றின் சுருதி அடுத்ததன் சுருதியோடு இணங்க வேண்டும். இல்லையென்றால் காது கூசும்.

போன வாரம் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே நம் எஸ்டேட்டில் எண்ணெய் பிழியும் செம்பனை ஆலையின் காலைச் சங்கை விட்டேன். ஊரைவிட்டுக் கிளம்பிய வாரம், படுக்கையில் கிடந்தபடியே போனில் பிடித்தது. சுருதி பாலில் சர்க்கரையாகக் கரைந்தது. ஆனால், அந்தப் பதிவின் கடைசித் துண்டை வெட்ட மறந்துவிட்டேன்.

"புனிதா, எந்திரி லா! கோப்பி ஆறுது!"

மண்டபம் முழுக்க உங்கள் குரல். அதுவும் சுருதி விலகவில்லை. எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அந்தப் பாடகி யார் என்று பிறகு கேட்டார்கள்.

கோப்பித் தூள் ஒரு பொட்டலம் அனுப்புங்கள். அந்தச் சங்கையும் மறுபடி போனில் பிடித்து அனுப்புங்கள். அது ஊதும்போது பேசாமல் நிற்க வேண்டாம். நான் அறையில் தூங்குவதாக நினைத்துக் கூப்பிடுங்கள். நாலைந்து தடவை கூப்பிடுங்கள், நான் சீக்கிரம் எழுந்திருக்க மாட்டேன்.

பஸ் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் புனிதன்