கத்தியில் சிவப்பு ஏறவில்லை

1973 ஜூலை 9, திங்கள்

மழை விட்டிருக்கிறது. எத்தனை நேரத்துக்கோ. ஏலச் செடிகளின் அடியில் அழுகல் தொடங்கிவிட்டது, கீழ்ச் சரிவில் ஒரே நாற்றம். எங்கள் முதல் காய்ப்பு. இது போனால் ஆனைக்கரையில் என்ன வேலை, மூட்டை கட்டிக்கொண்டு திரும்பவும் சொந்த ஊர் கம்பம்தான்.

இவர் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு கட்டிலில். துரிசு மருந்து, அதான் மயில்துத்தம், நான்தான் கலக்க வேண்டும். படுத்தபடியே அதிகாரம்: "துரிசக் கரைச்சு சுண்ணாம்புப் பால்ல ஊத்து. கத்திய முக்கிப் பாரு. கத்தி செவந்தா செம்பு இன்னும் அடங்கலைன்னு அர்த்தம், எல கருகிப்போகும். சுண்ணாம்பு சேர்த்துக்க."

மண்பானையில் விரிசல். இரும்பு டிரம்மைக் கழுவி அதில் துரிசை ஊறப்போட்டேன். அப்படி ஒரு நீலம்!

ஜூலை 10

நீலம் போய்ப் பச்சைத் தண்ணீர். ஊறினால் அப்படித்தான் போலும். சுண்ணாம்பில் ஊற்றிக் கத்தியை முக்கினேன். துளிச் சிவப்பு இல்லை. முதல் தடவையே பாஸ்! தோட்டம் முழுக்க அடித்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

சாயங்காலம் இவரிடம் பெருமை அடித்தேன்.

"எலையெல்லாம் நீலமா இருக்கா?"

"பாசி நெறம்."

எழுந்து உட்கார்ந்தார். "எதுல கரைச்ச?"

டிரம்மை உருட்டி வந்து காட்டினேன். உள்ளே செக்கச்செவேல்.

"துரிசுல இருக்குற செம்பு இரும்பக் கண்டா விடாது புள்ள. அம்புட்டும் டிரம்முல ஒட்டிக்கிச்சு. கத்திக்கு மிச்சம் எங்க இருக்கும்?"

நாள் முழுக்க நான் அடித்தது வெறும் துருத் தண்ணீர். அழுதேன். இவர் சிரித்தார். அதற்கும் சேர்த்து அழுதேன்.

ஜூலை 11

குமுளிப் பக்கம் மேகம். மழைக்கு முன்னால் மருந்து இலையில் காய்ந்தாக வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அன்னம்மா சேச்சி தன் பானையைத் தூக்கி வந்தாள். "வேகம் கலக்கடீ, மழ வருது!"

மிச்சத் துரிசு முழுவதும் பானையில். சுண்ணாம்பில் ஊற்றியதும் கத்தி. சிவந்தது! ஒரு சிவப்பைப் பார்த்து இத்தனை சந்தோஷம், கல்யாணப் பட்டுக்கு அப்புறம் இன்றுதான். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. கத்தி சுத்தம். மருந்து மயில் கழுத்து நிறம்.

அடித்து, காய்ந்து, அப்புறம்தான் மழை. கை, முகம், சேலை எல்லாம் நீலம். சோறு பொங்கவில்லை, சேச்சி வீட்டுக் கப்பைக்கிழங்கு.

ஜூலை 17, செவ்வாய்

இத்தனை நாளும் அடைமழை. இன்று கொஞ்சம் வெயில். கீழ்ச் சரிவில் சில செடிகள் போனது போனதுதான். அழுகல் அதற்கு மேல் ஏறவில்லை. பூச்சரம் எல்லாம் நிற்கிறது!

இவர் கம்பு ஊன்றி வந்து ஒவ்வொரு தூராகக் குனிந்து பார்த்தார். சேச்சியும் கூட நின்றாள். "அடுத்த மருந்தும் நீயே கலக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

காதில் விழவில்லை என்றேன்.

சத்தமாக இன்னொரு தடவை சொன்னார்.