நீ அனுப்பிய கார் வந்து சேர்ந்தது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்களா, அதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். இங்கே என் முழங்கால் பழைய பல்லவியையே பாடிக்கொண்டிருக்கிறது, தையல் மெஷினை மிதித்தால் வலி, மிதிக்காவிட்டால் பொழுது போகவில்லை. அப்பா உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார், சர்க்கரையும் பிரஷரும் என்னைவிட அவருக்குத்தான் ஒழுங்காக இருக்கின்றன. உடம்பைப் பற்றி எழுத இவ்வளவுதான். மற்றதைப் போனில் சொல்ல முடியவில்லை, நீ கூப்பிடும்போதெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நானும் நல்லா இருக்கார், நல்லா இருக்கார் என்று சொல்லி வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். கையில் வேலையை வைத்துக்கொண்டு படிக்காதே, எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

முப்பத்தொரு வருஷம் பட்டறையில் பெரிய காருக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து உள்ளங்கை அளவு காருக்கும் பெயின்ட் அடித்த மனுஷன் உன் அப்பா. பெட்டியில் பாகம் பாகமாக வருகிற மாடல் காரை வந்தபடியே ஒட்டி வைத்து அவருக்குப் பழக்கமே இல்லை. கூரையை அறுப்பார், இரண்டு கதவை நான்காக்குவார், குண்டூசியை வளைத்துக் கீல் செய்து கதவைத் திறந்து மூட வைப்பார். நான் ஒரு தடவை ஆசையாக ஒரு குட்டிக் காருக்கு வெல்வெட்டில் சீட் கவர் தைத்துக் கொடுத்ததற்கு, இந்த அளவு மனுஷனுக்கு இந்தத் துணி கோணிச் சாக்குடி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாரே, மூன்று நாள் அவரோடு பேசவில்லை நான். அப்படிப்பட்ட கண் அது. நூல் கனம் கூடிவிட்டால் கண்டுபிடித்துவிடும்.

நீ வந்து போனதற்கு அப்புறம் ஒரு பழைய மாடல் வேனின் மேல்பாகத்தை அறுத்துத் திறந்த வண்டியாக்கிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் பள்ளிக்கூட ஹாலில் வைக்கிறார்களே, அந்த மாடல் கண்காட்சிக்கு. இந்தத் தடவை அதிக நாள் எடுத்துக்கொண்டார், நான் கேட்டால் எரிந்து விழுந்தார். வயசாகிறது, கண் முன்னே மாதிரி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். கண்காட்சிக்கு முதல் நாள் மேசையில் பார்த்தேன், சீட்டெல்லாம் பின்பக்கம் பார்த்து இருந்தது, ஸ்டியரிங் கடைசி சீட்டுக்கு எதிரே ஒட்டியிருந்தது. ஏதோ புதுசாகப் பண்ணியிருக்கிறார் என்றுதான் எண்ணினேன், சத்தியமாக. எதையாவது மாற்றாமல் அவருக்குத் தூக்கம் வராதே.

ஹாலில் நடுவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து, வந்த வழியைப் பார்த்துக்கிட்டே ஓட்டுற வண்டி, என்ன கற்பனை பாருங்க இவருக்கு என்றார். எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். கற்பனைக்கென்று ஒரு கோப்பை வைத்திருந்தார்கள், அதை அப்பா கையில் கொடுத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, நானும் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அப்பாவோடு உட்கார்ந்து கார் கட்டுகிற பல் டாக்டர் மட்டும் தட்டவில்லை. என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டு, அண்ணி, கதவுக்குக் கீழே பார்த்தீங்களா, பெயின்ட் வழிஞ்சிருக்கு, அண்ணன் கையால பெயின்ட் வழிஞ்சு நான் பார்த்ததே இல்லை, அந்த சீட்டும் வேணும்னு வெச்சதில்லை அண்ணி, போன வாரம் நான் திருப்பி வெச்சேன், மறுபடி இப்படியே ஒட்டியிருக்கார் என்றார். நான் அவரிடம் கோபப்பட்டுவிட்டேன். உங்களுக்குக் கோப்பை கிடைக்கலைன்னு பொறாமையா என்று கேட்டேன். அந்த நல்ல மனுஷன் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து கோப்பையை அலமாரியில் வைத்தோம். அப்பா காரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இதை யாரு இப்படிப் பண்ணினது, எல்லாரும் எதுக்குக் கை தட்டினாங்க என்று கேட்டார். அவருக்கே புரிந்துவிட்டது. அந்த முகத்தை நீ பார்க்காததே நல்லது. இடுக்கியை எடுத்து ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்கினார், பசை இறுகிப்போய் அடித்தட்டும் சேர்ந்து உடைந்து வந்தது. அதற்கப்புறம் அந்தக் காரை அவர் தொடவில்லை. அவருக்கு எல்லாம் முழுசாக விளங்கியது அந்த ஒரு சாயங்காலம்தான் என்று நினைக்கிறேன், விளங்காமலே போயிருக்கலாம்.

டாக்டரிடம் போனோம், மூளையைப் படமெல்லாம் எடுத்தார்கள். ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பேர் கேட்டார்கள். சாவியைக் காட்டினால் திறக்கிறது என்றார், சீப்பைக் காட்டினால் கையால் தலையை வாரிக் காட்டினார். என்னைத் தனியாக உட்காரவைத்து, மாத்திரை தர்றேன், ஆனா போனது திரும்பி வரும்னு எதிர்பார்க்காதீங்கம்மா, இனிமே கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சிக்கிட்டேதான் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். இன்னொரு டாக்டரையும் பார்த்தோம், அவர் இதையே இன்னும் மெதுவாகச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம். உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். உனக்குப் புது வேலை, குட்டிக்குக் காய்ச்சல், இன்று சொல்லலாம் நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு ஏழு மாசம் ஓடிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் மாமா வந்து பார்த்துவிட்டு, அக்கா, பிளேடு, கட்டர், பசை ஒண்ணையும் வெளியே வைக்காதே என்று எல்லாவற்றையும் வாரி ஒரு டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான். ஒரு வாரம் தேடினார். இழுப்பறையைத் திறப்பார், மூடுவார், திறப்பார். என்ன வேணும் என்று கேட்டால் இரண்டு விரலைக் கத்தரி மாதிரி ஆட்டிக் காட்டுவார். நான் தெரியாத மாதிரி கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். என்னைப் போல ஒரு பாவி உண்டா சொல்லு.

அந்த நேரத்தில்தான் நீ அவர் பிறந்தநாளுக்கு அனுப்பிய பார்சல் வந்தது. உன்மேல் தப்பில்லை, நீ எதைக் கண்டாய். பெட்டிமேல் இருந்த சிவப்புக் கார் படத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது பார், எனக்கே ஒரு நப்பாசை. டாக்டர்களுக்கு என்ன தெரியும், இதைக் கட்டி முடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் நகவெட்டியை எடுத்து, பிளாஸ்டிக் சட்டத்தில் கோத்திருந்த பாகங்கள் அத்தனையையும் வெட்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டார். எந்தப் பாகம் எதுவென்று சொல்கிற எண் அந்தச் சட்டத்தில்தான் இருக்கும், பாகத்தில் இருக்காது, பக்கத்திலேயே இருந்து பார்த்த உனக்குத் தெரியாததா. தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வெட்டணும், ஒருபோதும் முன்னாடியே வெட்டக்கூடாது என்று உன் கையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். வெறும் சட்டங்களை அழகாக அடுக்கிக் குப்பைக் கூடையில் வைத்திருந்தார், லாரி வந்து அள்ளிக்கொண்டு போன பிறகுதான் நான் பார்த்தேன்.

பல் டாக்டரைக் கூப்பிட்டேன், முன்பு பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன், அதெல்லாம் எதுக்கு அண்ணி என்றார். விளக்கத்தாளை விரித்து வைத்து இரண்டு ஞாயிறு உட்கார்ந்தார். சக்கரம், பம்பர், கண்ணாடி, பார்த்தால் தெரிகிறதெல்லாம் பிரித்துவிட்டார், மீதி ஒரே மாதிரி சின்னச் சின்னக் குச்சிகள், நூற்றுக்கு மேல். பிரித்து வைத்ததை எல்லாம் அப்பா அள்ளி மறுபடி கிண்ணத்தில் போட்டார். மூன்றாவது தடவை அள்ளியபோது பல் டாக்டர், அண்ணனுக்கு அப்படித்தான் பிடிச்சிருக்கு, விடுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார். போன ஞாயிறு வரவில்லை. இந்த ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிடவில்லை, பாவம்.

இப்போது நடப்பதை எழுதிவிடுகிறேன். காலையில் காபி குடித்ததும் தன் மேசைப் பக்கம் போகிறார். உட்காருவதில்லை, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு ரகசியமாக, இந்த மேசைக்காரர் எப்ப வருவார், அவரைக் கேக்காம நான் இதெல்லாம் தொட்டுட்டேன், கோவிச்சுக்குவாரா என்று கேட்டார். அவர்கிட்ட நான் கேட்டுட்டேன், தாராளமா உக்காரச் சொன்னார் என்றேன். நல்ல மனுஷன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கிண்ணத்தில் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். இன்று காலையும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன்.

ஆகவே கண்ணு, இனிமேல் காரும் பெயின்டும் அனுப்பாதே. போனில் இப்ப என்ன வண்டிப்பா கட்டுறீங்க என்று கேட்காதே, பதில் தேடித் தேடி அன்றைக்கு முழுக்கக் களைத்துப்போகிறார். நீ பேசு, அவர் கேட்கட்டும். லீவு கிடைக்கிற முதல் தடவையிலேயே கிளம்பி வந்துவிடு, குட்டியின் பரீட்சை முடியட்டும் என்று பார்க்காதே. வந்தாலும் ஒன்றும் சரியாகாது, அதை நான் மறைக்கவில்லை, ஆனாலும் வா. வேளைக்குச் சாப்பிடு, அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையிடம் பதமாக எடுத்துச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு சௌக்கியமாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் என்றைக்கும் உண்டு, அப்பாவுடையதையும் சேர்த்து நானே எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வந்ததும் எப்போதும் செய்கிற மாதிரி பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்தி, யாருன்னு சொல்லுங்க பார்ப்போம் என்று கேட்டுவிடாதே. முன்னால் வந்து நின்று, நான் உங்க பொண்ணு என்று நீயே முதலில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா