நடுங்கியது யாருடைய ஈரல்?

அக்கா,

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்தபோது ஈரக்குலையே நடுங்கிவிட்டது. ஈரல் புண்பட்டால் அதன் என்சைம் ரத்தத்தில் கசியுமாம்; எண் குறைந்தால்தான் நல்லது. போன மாதம் நூற்றுப்பத்து. இன்று முப்பத்தொன்றுதான்!

"ஈரல் ரொம்ப சமத்தா இருக்கு சார்" என்றார் டாக்டர்.

"எங்க அக்கா குடுத்தது டாக்டர். சமத்தா இருக்காதே, இன்னொரு தடவை பாருங்க" என்றேன்.

வீட்டைப் பாகம் பிரித்ததும் உன் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவில் இருந்த ஜன்னலை நான் அடைத்தேன் என்று ஏழு வருஷம் பேசாமல் இருந்தாய். பாதி ஈரலைக் கொடுத்த பிறகும் பேசவில்லை. அப்படியென்ன வீம்பு!

இன்று குட்டு உடைந்துவிட்டது. என் ஈரலைத்தான் எடுத்துப் போட்டுவிட்டார்களே. எனக்காக நடுங்கியது உன்னுடையதுதான்.

ஜன்னலை அடைத்த செங்கல்லைப் பெயர்த்துவிட்டேன். இந்தக் கடிதமும் அதன் வழியாகத்தான் வருகிறது. தலையை நீட்டித் திட்டு.

உன் பாதியோடு,
தம்பி