கண்ணாடியில் மூன்று தட்டு

நேற்று அரியக்குடிப் பாதையில் சைக்கிள் பஞ்சர். கடைக்காரன் டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் முக்கினான். முத்து முத்தாகக் குமிழிகள் மேலே வந்தன. "இந்தா, இங்குட்டுத்தான் சார் பொத்தல்" என்று விரலை வைத்து அடைத்தான். குமிழி நின்றது. "கையை எடுப்பா, கையை எடு!" என்று கத்திவிட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது, வாயிலும் வாடை இல்லை. வெயிலில் மூளை இளகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

உனக்குப் புரியும். குமிழி நின்றால் மீன் போய்விடும் என்று என் தலையில் அடித்து அடித்துச் சொன்னவன் நீ. நீ போய் ஒன்பது வருஷமாகிறது, என் காதிலிருந்து அது இன்னும் இறங்கவில்லை.

காரைக்குடியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவனுக்குக் கடல் மீன் வளர்க்கும் ஆசை எங்கிருந்து வந்தது? முருகன், லட்சுமி, செத்துப்போன ஆச்சி, செத்துப்போன அப்பச்சி என்று அசையாத முகங்களுக்கே நாள் முழுக்கக் கண்ணாடி போட்டுப் போட்டுச் சலித்து, உயிரோடு அசையும் ஒன்றைக் கண்ணாடிக்குள் பார்க்க ஆசைப்பட்டிருப்பாய். தேக்குச் சட்டம் செய்து, கண்ணாடி பொருத்தி, இடுக்கில் தார் பூசினாய். தொண்டி பஸ்ஸில் கடல் தண்ணீர் வந்து இறங்கியது. கரண்டை நம்பாமல், புதுவயல் ரைஸ்மில் லாரி ஒன்றின் பழைய டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடைத்து, மேலே பலகையும் கல்லும் ஏற்றி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்குள் விட்டாய். பகலெல்லாம் குமிழி, ராவெல்லாம் குமிழி. ஊரில் இந்தச் செய்தியைப் பரப்பியவன் நான்தான். ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுப்பவன் சும்மாவா இருப்பான்? "மீனுக்கு மூச்சுத் திணறுதாம், அவன் ஆஸ்பத்திரி நடத்துறான்" என்று மூன்றே நாளில் மானகிரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

எத்தனையோ மீன்கள் வந்தன, இரண்டு நாளில் மல்லாந்தன. ஒன்று மட்டும் நின்றது. உள்ளங்கையில் பாதி அகலம், மஞ்சள் உடம்பு, கண்ணின் குறுக்கே மை இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. வலைக்காரர்கள் அதை வண்ணாத்தி என்றார்கள். நீ வைத்த பெயர் மாப்பிள்ளை. வைத்ததைத் தின்னாது. பச்சை இறாலைக் கடுகளவாக நறுக்கிப் போட்டால் முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

"மாமியா வீட்டுக்கு வந்தவரு மாதிரியே இருக்காருடா. உபசாரம் பத்தலையாம்" என்பாய். ஒரு மாதம் மன்றாடினாய். பிறகு, நீ விரலால் கண்ணாடியை மூன்று முறை தட்டினால் எங்கே இருந்தாலும் வந்து, விரலுக்கு நேராக வாயை வைத்து நிற்கும். நான் தட்டினால் வராது. உனக்கு அதில் இருந்த கர்வம் கொஞ்சமா?

அந்தச் சித்திரையில்தான் உனக்கு மதுரையில் வயிற்று ஆபரேஷன். நீயும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் பெண்டாட்டியும் கிளம்பும்போது, உன் கவலையெல்லாம் தொட்டி மேல். கண்ணாடியில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டாய். பக்கத்தில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடி நிறைய மழைத்தண்ணீர்.

"கோட்டுக்குக் கீழ எறங்குச்சுன்னா இந்தத் தண்ணிய ஊத்து. கடல் தண்ணிய ஊத்திப்புடாத. வெயிலுக்குத் தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு எங்கிட்டும் போகாது. வெளங்குதா?"

"வெளங்குது, வெளங்குது. நீ ஆஸ்பத்திரிக்குப் போறியா, இல்ல மீனுக்கு உயில் எழுதப் போறியா?" என்றேன்.

நீ சிரித்தாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ பேசும்போது நான் எதிர்வீட்டுச் சண்டையில் காதை வைத்திருந்தேன்.

நாலைந்து நாள் ஒழுங்காக மழைத்தண்ணீர் ஊற்றினேன். பிறகு என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாத நாட்களில்தான் ஊர் நன்றாக இருந்திருக்கிறது. கடல் மீனுக்கு மழைத்தண்ணீரா? மாப்பிள்ளைக்கு விருந்து வைத்து, ரசத்தில் தண்ணீர் கலப்பதா? நீ வலியில் ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டாய் என்று முடிவு கட்டினேன். இரண்டு டின்னைத் தூக்கிக்கொண்டு தொண்டிக்கே போனேன். திரும்பி வரும்போது தேவகோட்டை தாண்டியதும் டின் ஒழுகி, ஒரு பெரியவர் வேட்டி நனைந்து, பஸ்ஸே என்னைத் திட்டியது. உனக்காகப் பட்ட அவமானம் என்று பெருமையாகவே இருந்தது. தினமும் கோடு வரைக்கும் கடல் தண்ணீரை ஊற்றினேன். தீர்ந்ததும் மறுபடி போனேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல், மாப்பிள்ளை மணலில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அடித்துக்கொண்டது. டியூபில் காற்று இருந்தது, குமிழி வந்துகொண்டுதான் இருந்தது. விரலைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. உப்பளத்துத் தண்ணீர். எங்கும் போகாத உப்பெல்லாம் அங்கேயே இருந்தது. அப்போதுதான் நீ சொன்னது விளங்கியது.

அதற்கப்புறம் அது உயிரோடிருந்த அரைமணி நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

மீன் செத்தது. அடுத்து நான் செய்ததுதான் என் வாழ்நாள் சாமர்த்தியம். தண்ணீரை மாற்றினேன். தொண்டிக் கரையில் இரண்டு நாள் வலைக்காரர்களின் காலைப் பிடித்து, அதே அளவில், அதே மஞ்சளில், அதே கறுப்புக் கோட்டோடு இன்னொரு வண்ணாத்தியைக் கொண்டுவந்து விட்டேன். ஊர் ரகசியங்கள் எதுவும் என் வயிற்றில் ஒரு பொழுது தங்கியதில்லை என்பது உனக்குத் தெரியும். இது மட்டும் தங்கிவிட்டது.

இருபத்தைந்து நாள் கழித்து நீ வந்தாய். பாதியாக இளைத்திருந்தாய். "கொஞ்சம் உக்காருங்க, தையல் பிரிஞ்சுரப் போகுது" என்று தங்கச்சி பின்னாலேயே வர, நீ நேராகத் தொட்டிக்குப் போனாய். மூன்று முறை தட்டினாய். மீன் வெடுக்கென்று கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. மறுபடி தட்டினாய்.

"என்னைத் தெரியலையேடா அதுக்கு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "மாப்பிள்ளைன்னு பேரு வச்சேல்ல? சீர் கொண்டு வரலைன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு." வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்தாய்.

மறுநாளும் தட்டினாய். அதற்கு மறுநாளும். ஒரு மாதம், காலையும் மாலையும். நான் துணி மடிப்பதுபோல முகத்தை மடித்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். ஒரு நாள் நீயே சொன்னாய்: "இதுக்கு இங்க இருக்கப் பிடிக்கல போல. கொண்டுபோய் விட்டுருவோம்."

இருவரும் தொண்டிக்குப் போனோம். முழங்கால் தண்ணீரில் நின்று வாளியைச் சாய்த்தாய். மஞ்சள் ஒரு கணம் மினுங்கிப் போய்விட்டது.

"திரும்பிக்கூடப் பாக்கல பாரேன்."

"தனிக்குடித்தனம் போறாருடா" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாய்: "இருபத்தஞ்சு நாள்ல மறந்துருச்சு. நான் ஒரேயடியாப் போயிட்டா, நீ எத்தன நாளைக்குடா நெனப்ப?"

"பதினாறு நாள். விருந்துச் சாப்பாடு முடியிற வரைக்கும்."

கண்டக்டரே சிரித்துவிட்டார். நீயும் சிரித்தாய், கொஞ்சம் தாமதமாக. அதற்குப் பிறகு நீ எந்த மீனையும் கொண்டுவரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நீ எந்த மீனையும் கொண்டுவரச் சொல்லவில்லை.

உன் படத்துக்கு வேறு கடையில் சட்டம் போட்டார்கள். மூலை சரியாகப் பொருந்தவில்லை. நீ பார்த்தால் காறித் துப்புவாய்.

சரி, சொல்லிவிடுகிறேன். அன்று பிற்பகல், மணலில் சாய்ந்து கிடந்ததைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் நீ தட்டுகிற மாதிரியே, நீ விடும் அதே இடைவெளி விட்டு, கண்ணாடியில் மூன்று முறை தட்டினேன். அது நிமிர்ந்தது. சாய்ந்த உடம்போடு, ஒரு பக்கத்துச் செட்டையை மட்டும் அடித்து, நின்று நின்று வந்தது. என் விரலுக்கு நேராகக் கண்ணாடியில் வாயை வைத்தது. அப்படியே இருந்துதான் போனது.

அது உன்னை மறக்கவில்லை. நீ தொண்டியில் விட்டது வேறு மீன்.

போன மாதம் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி காபி கொண்டுவந்தபோது நான் உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னண்ணே பாக்குறீக? தூசியா இருக்கா?"

"ஆமா தங்கச்சி, கொஞ்சம் தூசி" என்றேன்.

அவள் முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள். நான் இன்னும் ஒரு தட்டுப் பாக்கி வைத்திருந்தேன். அதையும் தட்டிவிட்டு, விரலை எடுக்காமல் நின்றேன்.