சுவருக்கு அந்தப் பக்கத்துச் சுவிட்சு

அன்பு மகளுக்கு அம்மாவின் ஆசிகள்.

நான் சுகம். உன் அண்ணன்கள் இருவரும் சுகம்தான், ஆனால் தனித்தனியாகச் சுகம்.

அப்பா போனபின் முன்னறை யாருக்கு என்று ஆரம்பித்த வாய்த்தகராறு, கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பியதில் போய் முடிந்ததை எழுதியிருந்தேன். அதிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எனக்குப் பகல் சாப்பாடு பெரியவனிடம், ராத்திரிச் சாப்பாடு சின்னவனிடம். தெருவழியாகச் சுற்றிப் போய்வருகிறேன்.

இப்போது நடக்கும் கூத்தைக் கேள். சுவிட்சைப் போடுகிறவன் கண்ணுக்கு விளக்கு எரிவது தெரிய வேண்டும் என்பது உன் அப்பாவின் கட்சி அல்லவா? அதனால் எந்த அறைக்கும் சுவிட்சை அதன் வாசலுக்கு நேர் எதிரே, கூடத்தின் அந்தப் பக்கச் சுவரில்தான் வைத்தார். ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்கிற உன் அண்ணன்கள் இரண்டு பேரும், கோபத்தில் இதை மறந்துவிட்டு நடுவில் சுவரை எழுப்பிவிட்டார்கள். பெரியவன் படுக்கையறை ஃபேனுக்குச் சுவிட்சு சின்னவன் வீட்டில். சின்னவன் சமையலறை விளக்குக்குச் சுவிட்சு பெரியவன் வீட்டில். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

முதலில் வாய் திறக்காமல் சுவரைத் தட்டினார்கள். ஒரு தட்டுக்கு விளக்கு, இரண்டு தட்டுக்கு ஃபேன். போன வாரம் பெரியவனுக்குக் காய்ச்சல். ராத்திரி நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சின்னவன் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "என்னண்ணே, ஃபேனை நிறுத்தச் சொல்லி இன்னைக்குத் தட்டவே இல்ல? உடம்பு சரியில்லையா?" என்றான். அப்புறம் அந்தப் பக்கமிருந்து, "குளுருதுடா. ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வை" என்று குரல் வந்தது. சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஃபேனைப் போடச் சொல்கிற சாக்கில் வேலை விஷயம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் சுவர் வழியாகவே பேசிக்கொள்கிறார்கள். ஒயரை மாற்ற அவர்களுக்கு அரைநாள் போதும். பெரியவனைக் கேட்டால் கையில் ஒயர் இல்லை என்கிறான். சின்னவனோ, வெளிவேலை தலைக்குமேல் இருக்கிறதாம். நானும் நம்பியதுபோலத் தலையாட்டி வைத்தேன்.

அவர்கள் சண்டையே வேண்டாம், பாகப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இந்த வாரமே அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். ஆனால் பத்திரம் பதிவானால் வீடு இரண்டாகிவிடும். மீட்டரும் தனி, ஒயரும் தனி என்று ஆகிவிடும். அப்புறம் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

அதனால் என் கண்ணே, கையெழுத்துப் போடாதே. கேட்டால் வேலை அதிகம் என்று சொல், பத்திரத்தை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல். அந்தப் பொய்யெல்லாம் என் தலைமேல் வரட்டும். நீ குறைவில்லாமல் நன்றாக இரு. உன் அண்ணன்கள் இன்னும் கொஞ்ச காலம் இருட்டில் நின்று ஒருவரையொருவர் கூப்பிடட்டும்.

உன் அம்மா