நீங்கள் சொன்ன சாட்சி

அப்பா,

தேவாலய மண்டபத்தின் கொங்கிரீட் கூரைத் தட்டை இன்று உடைத்தார்கள். சீமெந்துத் தூசியின் மணம் நம் குசினி அடுப்படி வரைக்கும் வந்தது. வேலை செய்தவர்களுக்குத் தேநீர் கொண்டுபோனேன். மேசன் தன் பக்கத்தில் நின்றவரிடம், "சுனாமியில உபதேசியார் இதில நிண்டுதான் அஞ்சு புள்ளைகளத் தூக்கி எடுத்தவர்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் யாருடைய மகள் என்று அவருக்குத் தெரியாது. உங்களை அடக்கம் பண்ணி இத்தனை வருடமாகியும் உங்கள் பேச்சு சாகவில்லை.

நன்றாகப் பேசுவீர்கள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தபோது நான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியில் இருந்தேன். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஞாயிறு பாடசாலைக்கு வந்த ஐந்து பிள்ளைகளோடு நீங்கள் அந்தத் தட்டில் நின்று உயிர் தப்பினீர்கள். சில மாதங்களில் அது சபைகளில் எழுந்து சொல்லும் சாட்சியாகிவிட்டது. கல்முனையில் சொன்னீர்கள், திருக்கோவிலில் சொன்னீர்கள், வெளிநாட்டிலிருந்து உதவி கொண்டுவந்தவர்களுக்கு முன்னால் சொன்னீர்கள். சொல்லச் சொல்லத் தண்ணீரின் உயரம் கூடியது. "கர்த்தர் என்ட கைக்குப் பெலன் தந்தார்," என்று வலக்கையை உயர்த்துவீர்கள். பெண்கள் அழுவார்கள். நானும் முன்வரிசையில் இருந்து அழுதிருக்கிறேன்.

பிறகுதான் ராவியா ராத்தா நம் வாசலுக்கு வந்தார். சைக்கிளில் மீன் விற்க வரும் கரீம் காக்காவின் மனைவி; முஸ்லிம்கள் வழக்கப்படி அக்காவை ராத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும்தான் நானும் கூப்பிடுவேன். காக்காவின் உடல், தண்ணீர் வற்றிய பிறகு, நகை செய்யும் ஒருவரின் வீட்டு அறைக்குள் கிடந்தது. களவெடுக்கப் போய் அகப்பட்டவன் என்று ஊர் முடிவு கட்டியது.

"ஐயா, எண்ட புள்ளைகளக் கள்ளன்ட புள்ளைகள் எண்டு கூப்பிர்றானுகள். மீன்கார மாமா தூக்கித் தந்தார் எண்டு உங்கட பாடசாலைப் புள்ள ஒண்டு சொல்லுது. சின்னப் புள்ளட கதைய ஆரு எடுப்பாங்க? நீங்க ஒருக்காப் பள்ளிவாசலுக்கு வந்து சொல்லுங்க."

நீங்கள் மறுக்கவில்லை. "ஓம், அவன் நிண்டவன்தான். வெள்ளிக்கிழமை வந்து சொல்லுறன்," என்றீர்கள்.

"இன்ஷா அல்லாஹ்," என்றார் ராத்தா.

கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்லாமல் நாளையைப் பற்றிப் பெருமையடிக்கிறவன் மூடன் என்று அதற்கு முந்திய ஞாயிறுதான் பிரசங்கித்திருந்தீர்கள். "செய்யவேண்டியது இன்னதெண்டு தெரிஞ்சும் செய்யாம விடுறவனுக்கு அதுதான் பாவம்," என்று மேசையில் தட்டியும் சொன்னீர்கள். சபை தலையாட்டியது.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு மட்டக்களப்பில் சாட்சிக் கூட்டம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கு ஹர்த்தால், தெருவில் பஸ் இல்லை. அதன்பின் தமிழர், முஸ்லிம்கள் என்று ஊர் இரண்டாகி நின்றது. "பிரச்சினை முடியட்டும், பாப்பம்," என்றீர்கள். நான் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் தனியாகப் போனேன். "நீங்க கண்டீங்களா தங்கச்சி?" என்று கேட்டார்கள். நான் காணவில்லை. கண்ட பெரியவர் நீங்கள் ஒருவர்தான்.

நான்கு வருடம் கழித்து, யுத்தம் முடிந்துவிட்டதென்று வானொலி சொன்ன கிழமை. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். நம் தெருவில் கதவுகள் சாத்திக் கிடந்தன. வன்னியிலிருந்த சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்றுகூட நமக்குத் தெரியாது. அந்த நேரத்தில் ராத்தா வந்தார். மெலிந்து, இருமிக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தியபடி நின்றார்.

"பிரச்சினை முடிஞ்சிட்டாமே, ஐயா."

"நாளைக்கு வாறன்," என்றீர்கள்.

அவர் போன பிறகு நான் உங்கள் முன்னால் வந்து நின்றேன். "ஏன் அப்பா? ஒரு சொல்லுத்தானே?"

நீங்கள் கோபப்படவில்லை. மதியச் சோற்றைப் பிசைந்தபடியே, ஊருக்குச் சொல்லாததை எனக்குச் சொன்னீர்கள். அலை வந்ததும் முதலில் ஏணியில் ஏறியது நீங்கள். பிள்ளைகளைக் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாக உயர்த்தித் தந்தது கரீம் காக்கா. கடைசியில் அவர் கையை நீட்டினார். இரண்டாவது அலையின் சத்தம் கேட்டது. "விரல் பட்டது புள்ள. அவன் பாரமான ஆள். என்னையும் இழுத்துப்போடுவான் எண்டு கையை எடுத்திட்டன்." பிறகு, "மீன்கறியில புளி கூட," என்றீர்கள்.

நீங்கள் ஒருவழியாக அவர் வீட்டுக்குப் போனபோது ராத்தா மௌத்தாகி, அடக்கமாகி, நாற்பதாம் நாளும் கழிந்திருந்தது. உங்களைக் கூட்டிப்போனது நான். மூத்த மகன் நிஸார் தறியிலிருந்து எழுந்து வந்து கதிரை போட்டான். அவனுடைய வாப்பா பிள்ளைகளைத் தூக்கித் தந்ததைச் சொன்னீர்கள். குரல் தழுதழுக்க, மேடையில் சொல்வதைப் போலவே சொன்னீர்கள். கையை எடுத்ததைச் சொல்லவில்லை. நிஸார் அழுதான். உங்கள் வலக்கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உம்மா இருக்கக்குள்ள வந்திருந்தீங்கெண்டா," என்று மட்டும் சொன்னான். நீங்கள் கையை விலக்காமல் வைத்திருந்தீர்கள்.

திரும்பி வரும்போது ஓட்டோவில், "பாத்தியா, பொடியனுக்கு என்னில எவ்வளவு மரியாதை," என்றீர்கள். அடுத்த ஞாயிறே சாட்சியில் அதையும் சேர்த்துக்கொண்டீர்கள்: ஒரு முஸ்லிம் குடும்பத்தின் கண்ணீரைத் துடைத்த கதை.

அந்த வருடக் கடைசியில் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். உங்களுக்கு நோவு எதுவும் இருக்கவில்லை. நிஸார் உங்கள் பெட்டிக்குத் தோள் கொடுத்து மயானம் வரை வந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் அவனுடைய வீட்டுக்குப் போய், நீங்கள் விட்ட பாதியைச் சொன்னேன்.

தறி நின்றது.

"வாப்பாட கை எட்டினதா, அக்கா?"

"எட்டினது."

"அப்ப அவர் நெனச்சிருப்பார், தூக்கப் போறாங்க எண்டு."

அவன் எழுந்து, மரியாதையாகவே, வாசல் வரை வந்தான். "இனி இஞ்ச வராதீங்க," என்றான்.

நான் போவதில்லை. தாதியாக எத்தனையோ பேரின் கையைப் பிடித்துத் தூக்கி இருத்துகிறேன். அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையோடு கரீம் காக்கா நீரில் நின்றதை நான் கண்டதில்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அப்பா. உங்களை அல்ல, என்னை. நீங்கள் தப்பிவிட்டீர்கள்.