திரையில் ஐந்து வோல்ட்

நாள் 412, 08:00
தாதுக் கப்பல், கீழ்த்தளம். எழுதுவது ரோஸ்லின், துடிப்பு மின்னாக்கிகளைக் கவனிக்கும் ஒப்பந்தப் பணியாள். உறைதூக்கத்தில் நாற்பது சுரங்கத் தொழிலாளர்கள். அவர்களின் இதயம் தானாக அடிக்காது. ஆறு விநாடிக்கு ஒருமுறை ஐந்து வோல்ட் துடிப்பு அனுப்பி அடிக்க வைக்கிறோம். நாற்பது திரையிலும் 5.00. நேரப் பிசகு இல்லை. 31-ஆம் படுக்கையில் என் அண்ணன் சூசை.

நாள் 412, 11:20
நான் சாப்பிடப் போன நேரத்தில் மேற்பார்வையாளர் புவியரசனின் ஆட்கள் வந்திருக்கிறார்கள். நாற்பது கம்பிகளின் முனையிலும் இருந்த ஐம்பது ஓம் முனைத்தடைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மேல்தளத்தில் தூங்கும் அதிகாரிகளுடையவை பழுதாம்.

நாள் 412, 12:05
முனைத்தடை இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் மின்னாக்கி திரையில் எண்ணைக் காட்டும். போய்ச் சேர்வதை அது அளப்பதில்லை. தடை இல்லாவிட்டால் இருமடங்கு போகும். கம்பி முனையில் உண்மையில் வருவதை அளக்கும் அலைக்காட்டியை 31-இல் மாட்டினேன். பத்து வோல்ட். திரையில் அதே 5.00.
எல்லாவற்றையும் 2.50-க்குக் குறைத்தேன். இதயத்துக்கு இப்போது சரியாக ஐந்து.

நாள் 412, 13:40
மேல்தளம் (புவியரசன்): "ஏம்மா, யாரக் கேட்டுப் பாதியாக் கொறச்ச? படிவத்துல அஞ்சுன்னு இருக்கு."
நான்: "திரையப் பாக்காதீங்க சார். கம்பி முனையில அளந்துட்டேன். முனைத்தடை இல்லாம டபுளா போவுது."
மேல்தளம்: "உன் அலைக்காட்டி ஓட்டை. உன்ன மாதிரியே எதுக்கெடுத்தாலும் கத்தும்."
நான்: "நீங்களே எறங்கி வந்து பாருங்க. இல்ல, கழட்டுனதத் திருப்பிக் குடுங்க."
மேல்தளம்: "ஆபீசர் படுக்கையில மாட்டியாச்சு. அதக் கழட்டச் சொல்றியா? நல்லாருக்கே கத!"
மேலிருந்தே எல்லாவற்றையும் 5.00-க்கு ஏற்றிப் பூட்டிவிட்டார்.

நாள் 412, 14:15
கம்பியைப் பிடுங்கினால் இதயம் நிற்கும். விட்டால் கருகும். எழுப்ப ஒன்பது மணி நேரமும் மேல்தள அனுமதியும் வேண்டும். கேட்டேன். பதில் இல்லை.
உதிரிப் பெட்டியில் நூறு ஓம் தடைகள் இருபத்துநான்கு. இரண்டிரண்டாக இணையாகப் பற்றவைத்தால் ஐம்பது ஓம். பன்னிரண்டு பேருக்கு வரும்.

நாள் 412, 15:30
இதயத் துடிப்பின் நேரம் பிசகியவர்களுக்கு முதலில் மாட்டுகிறேன். ஏழு பேர் முடிந்தது. 31 சீராக இருக்கிறது. அண்ணன் உடம்பு கட்டையான உடம்பு. தாங்கும்.

நாள் 412, 16:50
பன்னிரண்டும் தீர்ந்தன. விரல் வெந்துவிட்டது.
31-இல் நான்காவது விநாடியில் ஓர் உபரித் துடிப்பு. பிறகு மூன்றாவதில். அண்ணனுக்கும் நேரம் பிசகுகிறது.

நாள் 412, 17:25
மேல்தளம்: "நாப்பதும் அஞ்சு காட்டுது, பாத்தியா? ‘இயல்பு நிலை’ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பு."
போடவில்லை.
மின்னாக்கிகள் பிசகாமல் அனுப்புகின்றன. அதற்குள் செத்துவிட்ட நால்வருக்கும் ஆறு விநாடிக்கு ஒருமுறை. இறப்புப் படிவத்தில் படுக்கை எண் மட்டும்தான் கேட்கிறார்கள், பெயருக்குக் கட்டமே இல்லை. இதைக் கண்டெடுப்பவரே, நான் எழுதுகிறேன். 2, மாடத்தி. 9, இசக்கிராஜ். 14, பாக்கியசீலி, துளைப்பான் ஓட்டுபவள். 22, அருளப்பன்.
31-ஐ எழுத மாட்டேன். அலைக்காட்டியில் மின்னாக்கியின் துடிப்பை விலக்கி, இதயம் அடிக்கும் கோட்டை மட்டும் பார்க்கிறேன். இன்னும் எழும்புகிறது. இப்போது ஒன்று வந்தது. விநாடிகளை எண்ணுகிறேன்.
நான்கு. ஐந்து. ஆறு.
ஏழு.
எட்டு